கைய எடு மாமி

என் பெண்ணுக்குத் தண்ணீரில் பயிற்சி கொடுக்க வந்த அந்தப் பெண்மணியின் காதுபட "ஐயோ பாவம்" என்று சொல்லிவிட்டு முழுசாகத் தப்பித்தவர் எங்கள் குடியிருப்பில் ஒருத்தரும் கிடையாது. மூன்றாவது மாடி அம்மாள் ஒருநாள் நீச்சல் குளத்தோரம் நின்று என் பெண்ணைப் பார்த்து உச்சுக்கொட்டினார். இவர் தண்ணீருக்குள்ளிருந்தே நிமிர்ந்தார். "யாரும்மா பாவம்? இதுவா? இது ஜாலியா தண்ணில கீது. நீங்க ரெண்டு மணி வெயில்ல நின்னுக்கினு வேர்த்து ஊத்துறீங்க. யாரு பாவம்னு ஒரு தபா நல்லா பாத்துட்டு சொல்லுங்க." அந்த அம்மாள் அதற்கப்புறம் லிஃப்டில் என்னைப் பார்த்தால்கூட போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டுவிடுவார்.

தண்ணீருக்குள் நின்றவரின் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால், எங்கிருந்தாலும் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து, "என்னாண்ட கேட்டியா?" என்று சண்டைக்கு நிற்பார். வாங்கிக் கட்டிக்கொண்டதெல்லாம் போதும்.

என் பெண் சாருவுக்கு அப்போது ஆறு வயது. பிறக்கும்போது மூச்சுத் திணறியதில் உடம்பு இறுகிப்போன குழந்தை. கை காலையாவது எப்படியோ அசைப்பாள். நடு உடம்புதான் பலகை. மார்பும் இடுப்பும் தனித்தனியாகத் திரும்பாது. பின்னாலிருந்து "சாரு" என்று கூப்பிட்டால் கண் மட்டும் அலையும். திரும்ப முயன்றால் மொத்தமாகச் சரிந்துவிடுவாள். அவள் ஓட வேண்டும், ஆட வேண்டும் என்றெல்லாம் எனக்கு ஆசை இல்லை. அந்த ஆசைகளை ஒவ்வொன்றாக நானே மடித்து வைத்துவிட்டேன். யாராவது கூப்பிட்டால் இவள் திரும்பிப் பார்க்க வேண்டும், அது ஒன்றுதான் பாக்கி. அது ஒரு பெரிய ஆசையா, நீங்களே சொல்லுங்கள்.

வெதுவெதுப்பான தண்ணீரில் உட்காரவைத்து மெதுவாகப் பழக்கினால் முதுகு இளகும் என்று டாக்டர் சொன்னார். அசோக் நகரில் சாரு போய்க்கொண்டிருந்த பயிற்சி மையத்தில் நான் பெயர் சொல்லாத இவர் வேலை பார்த்தார். தண்ணீர் வைத்தியத்துக்கென்று தனியாகப் படித்தவர், ஆனால் அங்கே குளம் இல்லை. எங்கள் அடையாறு குடியிருப்பில் குளம் இருந்தது, அதில் இறங்கத் தெரிந்தவர் வீட்டில் இல்லை. "சூடு பண்ற மெஷின் எதுவும் கிடையாதே" என்று நான் இழுத்தேன். "மத்தியானம் ரெண்டு மணி வெயில் எதுக்கு கீது? அதான் நம்ம ஹீட்டரு" என்றார்.

முதல் நாள் ஸ்கூட்டியின் பின்னால் ஒரு பச்சை பிளாஸ்டிக் குடத்தைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். தண்ணீர் லாரிக்கு வரிசையில் வைப்பார்களே, அதே குடம். கூடத் தண்ணீர் மொள்ள ஒரு சிவப்பு மக்கு. கறுப்பு முழுக்கை பனியன், மேலே இடுப்பில் இறுக்கிக் கட்டிய துப்பட்டா, எண்ணெய் வழிய வழிய ஒரு கொண்டை. வாட்ச்மேன் என்ன நினைத்திருப்பார் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் அதையேதான் நினைத்தேன்.

சாருவைத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கியவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கரையில் துண்டோடு நின்றேன். மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்தவளுக்குத் தண்ணீர் என்றால் தெப்பக்குளம், படிக்கட்டில் நின்று பார்த்துவிட்டு வீட்டுக்கு வருவது. மெரினாவில்கூடக் கணுக்காலுக்கு மேல் நான் நனைந்ததில்லை.

"இன்னா மாமி, நின்னு பாக்கறதுக்கு இது இன்னா தெப்பமா? எறங்கு."

"நானா? எனக்கு நீச்சல் தெரியாதே."

"நீச்ச யாரு அடிக்கச் சொன்னா? இடுப்பளவு தண்ணி. பெத்தவ எறங்கலன்னா நான் சொல்லிக்குடுக்க மாட்டேன். நாளைக்கு நான் வர்லன்னா யாரு செய்வா, வாட்ச்மேனா?"

சல்வார் கமீஸோடு இறங்கினேன். கமீஸ் குடை மாதிரி உப்பிக்கொண்டு மேலே வந்தது. சாரு சிரித்தாள். அவரும் சிரித்தார். எனக்கு வந்த கோபத்தில் பயம் போய்விட்டது.

இந்த 'மாமி' வேறு. எனக்கு முப்பத்துநாலு வயது, அவருக்கு நாற்பத்தைந்தாவது இருக்கும். "என்னை எதுக்கு மாமிங்கறேள்?" என்று ஒருநாள் கேட்டே விட்டேன். "மைலாப்பூர்ல பொறக்கும்போதே மாமியாத்தான பொறக்குறீங்க" என்றார். 

அவர் சொல்லிக்கொடுத்த முறை இதுதான். குழந்தையைத் தன்னைப் பார்த்தபடி தொடைமேல் உட்காரவைத்துக்கொள்வார், தண்ணீர் சாருவின் மார்பளவு இருக்கும். முதலில் விலாவைப் பிடித்துக்கொண்டு இடமும் வலமுமாக மெல்ல ஆட்டுவார். அதற்கு ஊஞ்சல் என்று பெயர். உடம்பு இளகியதும் குடத்தை இடது பக்கம் மிதக்கவிடுவார். கவிழாமல் நிற்க அடியில் ரெண்டு மக்குத் தண்ணீர் ஏற்கெனவே இருக்கும். "லாரி வந்துடுச்சி, லாரி வந்துடுச்சி! சாரு கண்ணு, சீக்கிரம் புடி, லாரிக்காரன் பூடுவான்!" என்று கத்துவார். சாரு வலது பக்கம் மக்கில் மொள்ள வேண்டும், இடது பக்கம் குடத்தில் ஊற்ற வேண்டும். மொண்டு ஊற்ற உடம்பு திரும்பித்தான் ஆக வேண்டும். குடம் நிறைந்து கழுத்துவரை முங்கினால் அன்றைய வேலை முடிந்தது. அப்புறம் குடம் வலது பக்கம் போகும். ஒருநாளும் இழுத்து வளைத்ததில்லை, வலிக்கவிட்டதில்லை. குழந்தை முகம் சுளித்தால் அந்த நிமிஷமே ஊஞ்சலுக்குப் போய்விடுவார். முரட்டுத்தனமெல்லாம் எங்களைப் போன்ற பெரியவர்களிடம்தான்.

"கொடத்த இடுப்புல வெச்சி மூணு மாடி ஏறுனவ நான். எனக்கு ஒடம்பு எப்புடித் திரும்பும்னு எந்த புக்கும் சொல்லத் தேவையில்ல" என்பார். சைதாப்பேட்டையில் ஆற்றோரம் பிறந்தவர். வீட்டை இடித்து ஊருக்கு வெளியே கொண்டுபோய்ப் போட்டார்கள். தினம் ஒன்றரை மணி நேரம் வண்டி ஓட்டிக்கொண்டு வருவார். எங்கள் பால்கனியில் நின்று கீழே போகும் அடையாற்றைப் பார்த்துவிட்டு ஒருநாள் சொன்னார், "இதே ஆறுதான் மாமி. நீ ஆத்தாண்ட இருந்தா ரிவர் வியூ. நாங்க இருந்தா ஆக்கிரமிப்பு." சொல்லிவிட்டு, நான் கொடுத்த காபியில் சர்க்கரை போதாது என்று டம்ளரைத் திருப்பி நீட்டினார்.

ஒவ்வொரு வாரமும் அவர் பிடி குறையும். விலாவிலிருந்து இடுப்புக்கு இறங்கும். அப்புறம் இரண்டு விரல். அப்புறம் கைகள் ஒரு சாண் தள்ளித் தயாராக நிற்கும், ஆனால் தொடாது. என் இடம் சாருவுக்குப் பின்னால். பின்னால் இருக்கிறவளுக்கு அவர் சொன்ன ஒரே உத்தரவு, "கைய எடு மாமி." சாரு லேசாக ஆடினாலே என் கை தானாகப் போகும், உடனே அந்தக் குரல் வரும். "கைய எடு." ஒரு நாளைக்கு இருபது தடவை கேட்டிருப்பேன்.

எடுத்தேனா? இல்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும், வெட்கமாக இருந்தாலும். தண்ணீருக்கு மேலே தெரிகிற கையை எடுத்துவிடுவேன். கீழே இன்னொரு கையின் இரண்டு விரலை சாருவின் நீச்சல் உடுப்பின் முதுகுப் பட்டையில் மாட்டி வைத்திருப்பேன். வெயில் பளபளப்பில் அவருக்குத் தெரியாது. ரெண்டு விரல்தானே, அதனால் என்ன கெட்டுவிடும் என்று நினைத்தேன். இப்படி ஒரு நாள், இரண்டு நாள் இல்லை, மூன்று மாதம்.

ஒருநாள் எனக்குத் தும்மல் வந்தது. அடுக்காக மூன்று. விரல் நழுவிவிட்டது. சாரு அப்படியே பின்னால் சரிந்து தண்ணீருக்குள் போனாள். அரை நொடிதான், அவர் வாரி எடுத்துவிட்டார். குழந்தை இருமி, அழுது, அடங்கியது. அவர் கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தவில்லை.

"உன் கை எங்க இருந்துச்சு மாமி?"

சொன்னேன்.

"எப்பலேந்து?"

அதையும் சொன்னேன்.

"நீ புடிச்சிக்கினு கீறது தெரியாம, கொயந்த தானா நிக்குதுன்னு நெனச்சி நான் என் கைய கொறைச்சிக்கினே வந்துக்கினு கீறேன். புரியுதா? இத்தினி நாளா ஒக்காந்துக்கினு இருந்தது அது இல்ல. உன் ரெண்டு விரலு."

அவர் சொன்னது அத்தனையும் நியாயம். நியாயமாக இருந்ததால்தான் எனக்குப் பொறுக்கவில்லை. "நாளையிலேர்ந்து நீங்க வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஈரத்தோடு லிஃப்டில் ஏறிவிட்டேன். ராங்கி என்றால் அப்படி ஒரு ராங்கி.

மறுநாள் ரெண்டு மணிக்கு வாசல் மணி அடித்தது. குடத்தோடு நிற்கிறார். "உங்களை வர வேண்டாம்னு சொன்னேனே" என்றேன். "உன்னாண்ட யாரு வந்தா? நான் சாருவாண்ட வந்துகீறேன். அது சொல்லட்டும்." என் தோளைத் தாண்டி எட்டிப் பார்த்து, "சாரு கண்ணு, நான் வரட்டா, பூடட்டா?" என்று கேட்டார். சாருவுக்கு வார்த்தை மெல்ல மெல்லத்தான் வரும். குடத்தைப் பார்த்தாள். "லா...ரி" என்றாள். நான் வழிவிட்டேன். அன்றைக்கு விலாவைப் பிடிப்பதிலிருந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். அதைப் பற்றி அதற்கப்புறம் ஒரு வார்த்தை குத்திக்காட்டியதில்லை. என் இரண்டு கையும் தண்ணீருக்கு மேலே இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்.

குளத்தோரம் ஒரு பலகை உண்டு. குடியிருப்போரும் அவர்கள் உறவினரும் மட்டுமே இறங்கலாம், பணியாட்கள் இறங்கக் கூடாது என்று நீல எழுத்தில் எழுதியிருக்கும். இப்போது போய்ப் பார்த்தால் அதில் கடைசி வரிமேல் வெள்ளை பெயின்ட் அடித்திருக்கும். அப்போது அந்த வரி பளிச்சென்று இருந்தது. என் கணவர் முதல் நாளே எனக்கு வழி சொல்லியிருந்தார். "எதுக்கு வீண் வம்பு? வாசல் நோட்டுல உறவுன்னு எழுதிடு. யார் வந்து கோத்திரம் கேட்கப்போறா?" அப்படியே எழுதிக்கொண்டு வந்தேன். யாரை உறவு என்று எழுதினேனோ அவரிடம் சொல்லவில்லை.

ஆறு மாதம் கழித்து, சங்கத்துச் செயலாளர் ஒரு மத்தியானம் குளத்தோரம் வந்து நின்றார். பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். வேட்டியில்கூட மடிப்புக் கலையாது. குடம் மிதப்பதைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"இவங்க உங்களுக்கு என்ன உறவு?"

"தூரத்துச் சொந்தம், சார்" என்றேன்.

பக்கத்தில் தண்ணீருக்குள் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. "இன்னா மாமி, எப்பலேந்து? எனக்கே சொல்லல." பிறகு செயலாளரைப் பார்த்து, "நான் சொந்தமும் இல்ல ஒண்ணும் இல்ல சார். இந்தக் கொயந்தைக்கு ஒடம்பு திரும்பறதுக்கு சொல்லிக்குடுக்கறேன். அதான் என் வேல."

"அப்படின்னா பணியாள். விதிப்படி நீங்க இறங்கக் கூடாது. தண்ணி சுத்தம்னு ஒண்ணு இருக்கு இல்லையா?"

சுத்தம் என்ற அந்த வார்த்தை யாரைக் குறிக்கிறது என்று எனக்குப் புரிந்தது. நான் அங்கேயே பதில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "உங்க சர்டிபிகேட்டைக் காட்டுங்கோளேன்" என்று அவரிடம் முணுமுணுத்தேன். பையில் பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தார், பார்த்திருக்கிறேன்.

"இன்னாத்துக்கு? கொளத்துல எறங்கற பசங்க எல்லாம் சர்டிபிகேட்டு காட்டிட்டுதான் எறங்குதா? தபாரு சார், இன்னும் அரை மணி பாக்கி கீது. முடிச்சிட்டுதான் ஏறுவேன்." சொன்னபடி அரை மணியும் "லாரி வந்துடுச்சி" என்று கத்திக்கொண்டு, குடத்தை நிரப்பி முங்கவைத்துவிட்டுத்தான் ஏறினார். அவ்வளவு நேரமும் செயலாளர் கரையில் நின்றார்.  இவர் வண்டியை எடுக்கும்போது, "தூரத்துச் சொந்தம்" என்று தனக்குத்தானே சொல்லித் தலையை ஆட்டிக்கொண்டார். 

மறுநாள் குளத்து கேட்டில் பூட்டு. 'பராமரிப்புப் பணி' என்று ஒரு காகிதம். தண்ணீர் தெளிவாக, வெயிலில் பளபளவென்று இருக்கிறது, பராமரிக்க ஒரு ஈ காக்கை கிடையாது. சாரு என் இடுப்பில் இருந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் தண்ணீரைப் பார்த்து, "லாரி?" என்றாள்.

"நீங்க போய் அவர்கிட்டே பேசுங்களேன், நேத்திக்குப் பேசினாப்பல" என்றேன்.

அவர் குடத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"நான் இன்னாத்துக்குப் பேசணும்? யாரு வூட்டுக் கொளம் இது? நான் சண்ட போட்டுத் தெறந்தா, நான் இருக்கற வரைக்கும்தான் தெறந்திருக்கும். அப்பால? நீ போடு. தெறக்கலியா, நான் மையத்துக்குப் போயிக்கினே இருப்பேன். எனக்கு இன்னா?"

எனக்கு வந்ததே ஆத்திரம்! அவர்மேலா, செயலாளர்மேலா, என்மேலா, தெரியாது. சாருவை அவர் மடியில் வைத்தேன். துப்பட்டாவை இடுப்பில் கட்டினேன், அவர் கட்டுகிற மாதிரியே. இடுப்பளவுக் கம்பி வேலி அது. முப்பத்துநாலு வருஷத்தில் நான் ஒரு சுவர் ஏறிக் குதித்தவள் இல்லை. ஏறினேன். கமீஸ் கம்பியில் மாட்டி டர்ரென்று கிழிந்தது. பால்கனிகளில் தலைகள் முளைத்தன. அந்தப் பக்கம் குதித்து இரண்டு கையையும் நீட்டி, "கொடுங்கோ குழந்தையை" என்றேன். அவர் சாருவைத் தூக்கிக் கொடுத்தார். பிறகு குடத்தை வீசினார். பிறகு, என்னைவிடக் கனமான அந்த உடம்பு, ஒரே மூச்சில் வேலியைத் தாண்டி வந்து நின்றது.

வாட்ச்மேன் ஓடிப்போய்ச் சொல்ல, செயலாளர் மத்தியானத் தூக்கம் கலைந்த முகத்தோடு வந்தார். அப்போது நாங்கள் மூன்று பேரும் தண்ணீரில் இருந்தோம்.

"என்னம்மா இது அநியாயம்? வெளிய வாங்க முதல்ல!"

"வர மாட்டோம், சார். நேத்திக்கு நான் பொய் சொன்னேன். இவங்க எனக்கு உறவு இல்ல. என் பொண்ணோட டீச்சர். தினமும் ரெண்டு மணிக்கு இறங்குவாங்க. பலகையை வேணும்னா மாத்தி எழுதுங்க."

"குழந்தையைக் காட்டி அனுதாபம் தேடாதீங்க."

"அனுதாபம் யார் சார் கேட்டா? நான் சாவி கேட்கறேன்!"

என் குரல் எட்டாவது மாடி வரை கேட்டிருக்கும். கேட்கட்டுமே. செயலாளர் முகம் சிவந்து வேலியைச் சுற்றிக்கொண்டு சாருவுக்குப் பின்பக்கம் வந்தார். என்னோடு பேசிப் பிரயோஜனம் இல்லை என்று நினைத்தாரோ என்னவோ, "பாப்பா, நீயாவது உங்கம்மாகிட்ட சொல்லும்மா" என்றார்.

சாரு டீச்சரின் தொடைமேல் உட்கார்ந்திருந்தாள். அவருடைய கைகள் ஒரு சாண் தள்ளி இருந்தன. பின்னாலிருந்து வந்த குரலுக்கு சாருவின் தலை திரும்பியது. அது எப்போதும் கொஞ்சம் திரும்பும். அப்புறம் வலது தோள். அப்புறம், நான் கண்ணால் பார்த்தேன், இடுப்பு இருந்த இடத்தில் இருக்க, விலா தனியாகத் திரும்பியது. சரியவில்லை. வலது தோளுக்கு மேலாக, வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற மனுஷரை நேராகப் பார்த்தாள்.

எத்தனை வருஷம், எத்தனை தடவை நான் கூப்பிட்டிருப்பேன்! அதற்கெல்லாம் திரும்பாதவள் இந்த ஆளுக்குத் திரும்பினாள். எனக்கு வயிறும் எரிந்தது, அழுகையும் வந்தது.

"சார், அப்டியே நில்லுங்க!" என்று அவர் போட்ட அதட்டலில் செயலாளர் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். "இப்ப அந்தப் பக்கம் போங்க. லெப்டு சைடு. அங்க நின்னு இன்னொரு தபா கூப்டுங்க."

"நானா?"

"நீங்கதான். உங்க கொரலுக்குத்தான திரும்புது. போங்க சார், கொயந்த களைச்சிடும்."

என்ன தோன்றியதோ, அவர் போனார். செருப்பு டப் டப்பென்று அடிக்க, மடிப்புக் கலையாத வேட்டியோடு, வேலியைச் சுற்றி இடது பக்கம் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தொண்டையைச் செருமினார்.

"குழந்தை பேர் என்னம்மா?"

"சாரு."

"சாரு" என்று கூப்பிட்டார். குரல் எழும்பவில்லை. இன்னொரு தடவை, உரக்க, "சாரு!"

இடது பக்கம் அவளுக்கு எப்போதும் கஷ்டம். தலை திரும்பியது. தோள் பாதி வந்து நின்றது. உடம்பு நடுங்கியது. தாடைவரை தண்ணீர் ஏறியது.

"கைய எடு மாமி" என்றார் அவர், என்னைப் பார்க்காமலே.

நான் இரண்டு கையையும் தண்ணீருக்கு மேலே உயரத் தூக்கிக் காட்டினேன்.